விருந்தும் மருந்தும் மூன்று நாள்: யப்பானில் இங்கிலீஷ் படிப்பித்தவர்களின் கதை

யூரியூப்பில் "யப்பானில் ஒரு இங்கிலீஷ் ரீச்சரின் ஒரு நாள்" என்று தேடிப் பாருங்கோ. வீடியோ வீடியோவாக வரும். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். விடிய எழும்பி, கடற்பாசி சுற்றின சோற்றுருண்டை ஒன்றைக் கடையில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, உள்ளுக்குப் போடுற செருப்பை மாட்டுவார். "சென்செய், சென்செய்" என்று பிள்ளைகள் வந்து சுற்றிக்கொள்ளுவினம். மத்தியானம் வகுப்பறையிலேயே பிள்ளைகளோடு இருந்து சாப்பாடு. பிறகு பிள்ளைகளே பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பார்கள், இவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு குனிவார். இரவு மற்ற ஆசிரியர்களோடு ஒரு சின்னக் கடையில் இருந்து குடியும் கொறிப்பும் சிரிப்பும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

என்னோட படிச்ச ஒருத்தி போன வருஷம் யப்பான் மொழி வகுப்பில சேர்ந்தவள். "முதல் பாஷையைப் படிச்சு ஸ்ருடன்ட் விசாவில போறது, பிறகு அங்க சின்னப்பிள்ளையளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கலாம்" எண்டு சொன்னாள். சரி, இந்த வேலை எப்ப தொடங்கினது, இதுக்கு முதல் போன ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு பார்ப்பம் என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட 175 வருஷத்துக்கு மேல் பின்னுக்குப் போக வேண்டி வந்தது.

அந்த 175 வருஷக் கதையிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. படிப்பிக்கப் போனவர்களை அங்கத்தைய சனம் நெருக்கமாக வைத்திருந்திருக்கிறது. வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறது, சில வேளை அவர்களுக்காகச் சிறையும் போயிருக்கிறது. ஆனால் அவர்கள் எத்தனை நாள் இருக்கலாம், என்னவாக இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது அந்தச் சனம் இல்லை.

மரச்சட்டத்துக்குப் பின்னால் ஒரு வகுப்பு

1848ஆம் ஆண்டு யப்பான் கதவைச் சாத்தி 200 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஐரோப்பியர்களில் ஒல்லாந்தருக்கு மட்டும் வியாபாரத்துக்கு அனுமதி. அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற சின்னச் செயற்கைத் தீவுக்குள் மட்டும். எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைத் திருப்பிக் கட்டின அதே ஒல்லாந்தக் கம்பனிதான் அங்கேயும் முதலில் கடை விரித்திருந்தது.

1808இல் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் ஒல்லாந்துக் கொடியைப் பறக்க விட்டுக்கொண்டு நாகசாகிக்குள் வந்து மிரட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ் என்று ஒரு பாஷை இருக்கிறது, அதைப் படிக்கத்தான் வேண்டும் என்று யப்பானிய அரசுக்கு உறைத்தது. மொழிபெயர்ப்பாளர்களைப் படிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். படிப்பிக்க ஆள்? ஒல்லாந்தர்தான். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் நாட்டுக்குள் கால் வைக்கவே முடியாது.

அந்த நாட்டுக்குள்தான் றனால்ட் மக்டொனால்ட் என்ற 24 வயதுப் பெடியன் வேண்டுமென்றே வந்து சேர்ந்தான். தாய் வட அமெரிக்காவின் சினூக் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகள். தந்தை ஸ்கொட்லாந்துக்காரர். வங்கி வேலையை விட்டுவிட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் ஏறி, யப்பானின் வடக்குக் கரைக்குக் கிட்ட வந்ததும் ஒரு சின்னப் படகில் தனியாக இறங்கினான். கப்பல் உடைந்து தப்பி வந்தவன் மாதிரி நடித்து ரிஷிரித் தீவில் கரையேறினான். அங்கிருந்த ஐனு மக்கள்தான் முதலில் அவனைக் கண்டது. பிறகு அதிகாரிகள் பிடித்து, நாட்டின் மற்றத் தொங்கலில் இருக்கும் நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

அடைத்த இடம் ஒரு கோயிலைச் சேர்ந்த வீடு. சன்னலுக்கு மரச்சட்டம், வெளியே காவல். அந்த அறைக்கு அரசு மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேர் வந்து போனார்கள். அவர்கள் இங்கிலீஷை வாசிக்க, மக்டொனால்ட் உச்சரிப்பைத் திருத்தி, பொருள் சொல்லிக் கொடுத்தான். அவர்களுக்கு 'ல' வரவில்லை, 'ர'தான் வந்தது என்று பிறகு எழுதி வைத்திருக்கிறான். இன்றைக்கு அங்கே படிப்பிக்கப் போகிறவர் முதல் வாரத்தில் கவனிக்கிற அதே விஷயம்.

கிட்டத்தட்ட ஏழு மாதம் இந்த வகுப்பு நடந்தது. கைதிதான் ரீச்சர். மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். அவர்கள் தன்னை மரியாதையாக, அன்பாக நடத்தினார்கள் என்றுதான் மக்டொனால்ட் கடைசி வரைக்கும் சொன்னான். ஆனால் 1849 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்ததும் அவனை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து அமெரிக்கத் தளபதி பெரி பீரங்கிகளோடு வந்து ஒப்பந்தம் பேசியபோது, யப்பான் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்களில் ஒருவர் மொரியாமா எய்னொசுகே. அந்த மரச்சட்ட வகுப்பில் படித்தவர்.

ஹெருன்-சான்

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. கதவு திறந்தது மட்டுமில்லை, அரசே சம்பளம் கொடுத்து வெளிநாட்டவர்களைக் கூப்பிட்டது. பொறியியலாளர், வைத்தியர், சட்டம் படிப்பிக்கிறவர், இங்கிலீஷ் படிப்பிக்கிறவர் என்று பல பேர். 'ஓயாதோய்' என்று அவர்களுக்குப் பெயர். அர்த்தம், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர். திட்டம் தெளிவானது: அவர்களிடம் படித்து முடிக்க வேண்டும், பிறகு எங்கட ஆக்களை அந்த இடத்தில் இருத்த வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் வந்தவர் லஃப்காடியோ ஹேர்ன். தாய் கிரேக்கப் பெண், தந்தை ஐரிஷ்காரர், பிரித்தானிய இராணுவ வைத்தியர். இரண்டு பேரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக, டப்ளினில் ஒரு பெரியம்மா முறையான கிழவி வளர்த்தார். 16 வயதில் பள்ளிக்கூட விளையாட்டில் அடிபட்டு இடது கண் பார்வை போனது. அமெரிக்காவில் பத்திரிகைக்காரராக இருந்தபோது ஒரு கறுப்பினப் பெண்ணைக் கலியாணம் செய்தார். அந்த மாநிலச் சட்டம் அதைத் தடை செய்திருந்தது, வேலை போனது. 1890 ஏப்ரலில் பத்திரிகைக்கு எழுத என்று யப்பானுக்கு வந்து, வந்த கையோடு பத்திரிகைக் கம்பனியோடு முறித்துக்கொண்டார். கையில் காசில்லை. தெரிந்தவர்கள் உதவி செய்து மட்சுவே என்ற ஊரில் இங்கிலீஷ் ஆசிரியர் வேலை எடுத்துக் கொடுத்தார்கள். மாதம் 100 யென். அந்த நாளையில் அது பெரிய சம்பளம்.

மட்சுவே, ஷின்ஜி என்ற ஏரிக்கரையில் இருக்கும் பழைய கோட்டை ஊர். 1890 ஆகஸ்ட் 30ஆம் திகதி ஹேர்ன் அங்கே போய் இறங்கினார். விடியப்புறம் அரிசி குத்தும் உலக்கைச் சத்தம், கோயில் மணி, சூரியனைக் கும்பிடுகிறவர்கள் கைதட்டும் சத்தம், பாலத்தில் மரச்செருப்புகள் நடக்கும் சத்தம் என்று காதால்தான் அந்த ஊரை அவர் முதலில் அறிந்தார். ஒற்றைக்கண்காரருக்கு அது இயல்புதானே.

அவருடைய ஆசிரியர் வாழ்க்கை எப்படி இருந்தது என்று அவரே 1894இல் வந்த புத்தகத்தில் ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கிறார். வகுப்புக்குள் போனதும் எல்லோரும் எழும்பித் தலை வணங்குவார்கள். அவருக்கு யப்பான் பாஷை தெரியாது, பிள்ளைகளுக்கு அவருடைய பேச்சு முழுக்க விளங்காது. கரும்பலகைதான் கைகொடுத்தது. நிஷிடா செண்டாரோ என்ற சக ஆசிரியர் எப்போதும் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார், ஊர் வழக்கம் சொல்லிக் கொடுத்தார், வீடு பார்த்துக் கொடுத்தார். நிஷிடா காசநோய்க்காரர். அந்தச் சுகயீனத்தோடுதான் இவ்வளவும் செய்தார்.

கோட்டை மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடந்தபோது ஹேர்ன் போய் இருந்து பார்த்தார். எங்கட இல்ல விளையாட்டுப் போட்டி மாதிரித்தான், முழு ஊரே திரண்டு வரும். சக்கரவர்த்தியின் பிறந்தநாளில் அவருடைய படத்துக்கு முன்னால் இவரும் தலை வணங்கினார். பிறகு மாணவர்கள் வீட்டுக்கு வந்தபோது, முந்தி இருந்த ஒரு இங்கிலீஷ் ஆசிரியர் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொன்னதை இவரிடம் சொன்னார்கள். நீங்கள் அப்படியில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

மாணவர்கள் சும்மா வீட்டுக்கு வருவார்கள். இருப்பார்கள், கதைப்பார்கள், தங்கட வீட்டில் இருக்கும் பழைய பொருட்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் இரண்டு பேர் அந்தக் காலத்துக்குள்ளேயே நோயில் செத்துப்போனார்கள். ஒரு பெடியன் சாகக் கிடந்தபோது பள்ளிக்கூடத்தை ஒருக்கால் பார்க்க வேணும் என்று கேட்டானாம். வீட்டில் இருந்த கிழட்டு வேலைக்காரர் இரவில் அவனை முதுகில் சுமந்துகொண்டு போய்க் காட்டினாராம். ஹேர்ன் இதை அதிகம் அலங்காரம் செய்யாமல் எழுதியிருக்கிறார். வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் அவர் ஒரு தங்குமடத்தில் இருந்தார். அங்கே வேலை செய்த சின்னப் பெட்டைக்குக் கண்நோய். முதலாளி அதைக் கவனிக்கவில்லை என்று ஹேர்னுக்குக் கோபம் வந்து அங்கிருந்து கிளம்பினார். ஒரு கண்ணோடு வாழ்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் யோசிக்கலாம். அந்த மாரி காலம் கடும் பனி, ஹேர்ன் படுக்கையில் விழுந்தார். 1891 தொடக்கத்தில் கொய்சுமி செட்சு என்ற பெண் அவருடைய வீட்டுக்கு வந்தார். சாமுராய் குடும்பம், மெய்ஜி மாற்றத்தில் எல்லாம் இழந்து, தறியில் நெய்து வீட்டைப் பார்த்தவர். இரண்டு பேரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள்.

இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை இல்லை. அவர்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். யப்பான் சொற்களை இலக்கணம் இல்லாமல் அடுக்கின ஒரு பாஷை. மட்சுவேக்காரர் ஹேர்னை 'ஹெருன்-சான்' என்றுதான் சொல்வார்கள், இதற்கும் 'ஹெருன்-சான் பாஷை' என்றே பெயர் வந்துவிட்டது. 14 வருடம் அந்தப் பாஷையில்தான் குடும்பம் நடந்தது. விளக்கைக் குறைத்துவிட்டு செட்சு பேய்க்கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன்னுடைய சொல்லில் சொல்லு என்று ஹேர்ன் கேட்பாராம். அந்தக் கதைகள்தான் 1904இல் 'குவைடான்' என்ற புத்தகமானது. 1964இல் கொபயாஷி மசாக்கி அதைப் படமாகவும் எடுத்தார். எங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

பிரச்சினை எங்கே தொடங்கியது? விருந்தாளி வீட்டுக்காரனாக வர நினைத்தபோது.

மட்சுவேயில் இருந்தது 15 மாதம்கூட இல்லை. 1891 நவம்பரில் சம்பளம் இரண்டு மடங்காகக் கிடைத்ததால் குமமோட்டோவுக்குப் போனார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோதான் அங்கே அதிபர். ஆனால் மட்சுவே மாதிரி இல்லை. மாணவர்கள் வளர்ந்தவர்கள், இறுக்கமானவர்கள், வீட்டுக்கு வந்து கதைக்கும் பழக்கம் இல்லை. சக ஆசிரியர்களோடும் ஒட்டவில்லை. மத்தியான நேரம் கல்லூரிக்குப் பின்னால் இருந்த குன்றில் ஏறி, ஒரு கல் புத்தருக்குப் பக்கத்தில் தனிய இருப்பார். புதுப் பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போன எந்த ரீச்சருக்கும் இது விளங்கும்.

1893இல் மகன் பிறந்தான். இப்போது சட்டக் கேள்வி வந்தது. செட்சு ஒரு பிரித்தானியப் பிரசையைச் சட்டப்படி கலியாணம் செய்தால் அவருடைய யப்பானியப் பிரசாவுரிமை போய்விடும். பிள்ளைக்கு என்ன உரிமை, தான் செத்தால் சொத்து யாருக்கு? கடைசியில் ஹேர்னே மாறினார். 1896இல் யப்பானியப் பிரசையாகி, மனைவியின் குடும்பப் பெயரை எடுத்து கொய்சுமி யகுமோ ஆனார். அதே வருடம் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கத் தொடங்கினார். மாணவர்களுக்கு அவரை நல்ல விருப்பம்.

1903இல் பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பித்த தங்கட ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், இனி ஏன் இவ்வளவு சம்பளம்? மாணவர்கள் எதிர்த்தார்கள். நேரத்தையும் சம்பளத்தையும் குறைத்துக்கொண்டு இருக்கலாம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. ஹேர்ன் மறுத்தார். அடுத்த வருடம் செப்டெம்பர் 26ஆம் திகதி இறந்துபோனார், வயது 54.

அவருடைய இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நட்சுமே சோசெகி. இன்றைக்கு யப்பானின் பெரிய நாவலாசிரியர் என்று கொண்டாடப்படுகிறவர். இதற்கு முதல் குமமோட்டோவில் ஹேர்ன் வேலை செய்த அதே கல்லூரியில்தான் இவரும் படிப்பித்தார். பிறகு அரசு செலவில் லண்டனுக்குப் போய், இரண்டு வருடம் வாடகை அறைகளுக்குள் தனிமையில் கிடந்து நொந்துபோய் வந்தவர். வெளியாளாக இருப்பது என்றால் என்ன என்று ஹேர்னுக்குப் பிறகு அந்த வகுப்பறையில் நன்றாகத் தெரிந்தவர் சோசெகியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு ரயில் பயணத்தைப் பற்றிக் கதைத்ததற்கு 15 வருடம்

இனி வடக்கே, சப்போரோ. ஹரோல்ட் லேன், போலின் லேன் என்ற அமெரிக்கத் தம்பதி ஹொக்கைடோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் படிப்பித்தார்கள். குவேக்கர் கிறிஸ்தவர்கள். முதலாம் உலகப்போரில் ஆயுதம் தூக்க மாட்டேன் என்று நின்றவர் ஹரோல்ட். போலின் மிஷனரிக் குடும்பத்தில் யப்பானிலேயே பிறந்தவர். அவர்களுடைய வீடு மாணவர்களுக்குத் திறந்தபடி இருந்தது. வந்து இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டுப் போவார்கள்.

அப்படி வந்து போனவர்களில் ஒருவன் மியாசாவா ஹிரோயுகி என்ற பொறியியல் மாணவன். 1941 டிசெம்பர் 8, பேர்ள் ஹாபர் தாக்கப்பட்ட செய்தி வந்த அன்றைக்கே லேன் தம்பதியையும் மியாசாவாவையும் பிடித்தார்கள். குற்றம் என்ன தெரியுமோ? பயணம் போய் வந்த கதையைச் சொல்லும்போது, நெமுரோ என்ற ஊரில் ஒரு விமானத்தளம் இருக்கிறது என்று சொன்னது. ஊரறிந்த விஷயம். ஆனால் இராணுவ இரகசியப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருந்தது. மியாசாவாவுக்கும் ஹரோல்டுக்கும் 15 வருடச் சிறை, போலினுக்கு 12 வருடம்.

இந்தக் கதையை எங்களுக்கு விளங்கப்படுத்த ஆள் தேவையில்லை. எந்தக் கதையும் குற்றமாகலாம் என்ற சட்டத்துக்குக் கீழ் வாழ்ந்த தாய் தகப்பனின் பிள்ளைகள் நாங்கள்.

லேன் தம்பதியைக் கைதிகள் பரிமாற்றத்தில் 1943இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மியாசாவாவைப் பரிமாறிக்கொள்ள யாரும் இல்லை. அவன் சொந்த நாட்டில், அபஷிரி என்ற கடும் குளிர்ச் சிறையில் கிடந்தான். போர் முடிந்து 1945 ஒக்டோபரில் வெளியே வரும்போது காசநோய் முற்றியிருந்தது. 1947 பெப்ரவரியில் இறந்தான். வயது 27. லேன் தம்பதி 1951இல் சப்போரோவுக்கே திரும்பி வந்து, அதே பல்கலைக்கழகத்தில் திரும்பவும் இங்கிலீஷ் படிப்பித்து, அந்த ஊரிலேயே கண்ணை மூடினார்கள். அவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வீடு என்று சொல்ல அவர்களுக்கு வேறு ஊர் இருக்கவில்லைப் போல.

ஐந்து வருட விருந்து

இப்ப வீடியோவில் பார்க்கிற ரீச்சருக்கு வருவம். 1987இல் யப்பானிய அரசு ஜெட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. யப்பானியக் கார்களும் ரீவிகளும் உலகச் சந்தையைப் பிடித்து, அமெரிக்காவோடு வர்த்தக உரசல் கூடியிருந்த காலம். நாங்கள் உலகத்தோடு பழகிறோம் என்று காட்டவும் வேண்டும், பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் வேண்டும். முதல் வருடம் 848 பேர் போனார்கள். அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற நாலு நாடுகளில் இருந்து மட்டும். பிறகு பல நாடுகள் சேர்ந்தன. ஆனால் 'இங்கிலீஷ் ரீச்சர்' என்றால் எப்படி ஒரு முகம் இருக்கவேண்டும் என்ற படம் அந்த நாலு நாட்டோடு உறைந்துபோனது. முதல் ரீச்சர் ஒரு சினூக் தாயின் மகன், பிரபலமான ரீச்சர் ஒரு கிரேக்கத் தாயின் மகன் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இந்த உதவி ஆசிரியர்களின் சமூக வாழ்க்கை பெரும்பாலும் ஆசிரியர் அறையில்தான். வரிசையாக மேசைகள், தலைமாட்டில் உப அதிபர். எங்கேயாவது போய் வந்தால் எல்லோருடைய மேசையிலும் ஒவ்வொரு இனிப்பு வைக்க வேண்டும். வருட முடிவில் 'போனென்காய்' என்ற விருந்து, போகும் வருடத்தை மறப்பதற்காக. அங்கே உங்கட கோப்பையை நீங்கள் நிரப்பக் கூடாது, பக்கத்தில் இருக்கிறவரின் கோப்பையை நிரப்ப வேண்டும், அவர் உங்களுடையதை நிரப்புவார். வருடம் முழுக்க ஒரு சொல் கதைக்காத கணித ஆசிரியர் அன்றைக்குத் தோளில் கை போட்டுக் கதைப்பார். அடுத்த நாள் காலமை திரும்பவும் வணக்கம் மட்டும்தான். நேற்று நடந்ததை ஒருவரும் எடுக்க மாட்டினம். அதை ஏமாற்று என்று நினைக்கிற வெளிநாட்டவரும் உண்டு, அதுதான் அங்கத்தைய மரியாதை என்று பழகிக்கொள்கிறவரும் உண்டு.

ஜெட் ஒப்பந்தம் ஒவ்வொரு வருடமாகப் புதுப்பிக்கப்படும். ஆகக் கூடியது ஐந்து வருடம். எங்கட ஆக்கள் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லுவினம், அவையள் ஐந்து வருடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசுத் திட்டத்துக்கு வெளியே போகிறவர்களின் நிலை இன்னும் ஈடாட்டமானது. எங்கட ரியூட்டரி மாதிரி, பேச்சு இங்கிலீஷ் படிப்பிக்கும் தனியார் நிலையங்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதில் மிகப் பெரியதான நோவா 2007 ஒக்டோபரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். பல பேருக்கு வீடும் கம்பனி எடுத்துக் கொடுத்த வீடுதான். சம்பளத்தில் வாடகை கழிக்கப்பட்டும், வீட்டுக்காரருக்கு அது போய்ச் சேராததால் வெளியேறச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் என்று தொழிற்சங்கம் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. பாடம் எடுக்கவும் சாப்பாடு கொடுக்கவும் சனம் வந்தது.

2011 மார்ச் 11. சுனாமி என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு இறந்தவர்களில் ஜெட் ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் டெய்லர் அண்டர்சன், 24 வயது அமெரிக்கப் பெண், இஷினோமாக்கி என்ற ஊரில் படிப்பித்தவர். பூமி அதிர்ந்த பிறகு பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பியவர் வந்து சேரவில்லை. பிறகு அவருடைய தாய் தகப்பன் அவர் படிப்பித்த பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீஷ் புத்தகங்கள் கொடுத்தார்கள். அந்தப் புத்தகங்களுக்கு அலுமாரி செய்து கொடுத்தவர் அதே சுனாமியில் தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தச்சுத் தொழிலாளி.

கண்ணாடிக்குப் பின்னால்

கடைசியாக ஒருவர். இவரை உங்களில் பல பேருக்குத் தெரியும். விஷ்மா சந்தமாலி, எங்கட நாட்டுப் பெண். இங்கே இங்கிலீஷ் படிப்பித்தவர். யப்பானியப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் படிப்பிக்க வேண்டும் என்ற ஆசையோடு 2017இல் ஸ்ருடன்ட் விசாவில் போய், மொழிப் பாடசாலையில் சேர்ந்தார். படிப்பு இடையில் நின்றது, அதோடு விசாவும் போனது. 2020 ஆகஸ்டில், கூட இருந்த ஆளின் வன்முறையில் இருந்து காப்பாற்றச் சொல்லிப் பொலிசுக்குப் போனார். விசா இல்லை என்று நாகோயாவில் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் அடைத்தார்கள்.

2021 சனவரியில் இருந்து உடம்பு மோசமானது. சாப்பாடு தங்கவில்லை, நடக்க முடியவில்லை. வெளியில் விடச் சொல்லிக் கேட்ட விண்ணப்பத்தை மறுத்தார்கள். மார்ச் 6ஆம் திகதி இறந்தார். வயது 33. பிறகு வந்த அரசின் சொந்த அறிக்கையே மருத்துவ ஏற்பாடுகளில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது.

இந்தக் கதையிலும் சனம் இருக்கிறது. தடுப்பு நிலையத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அவரோடு கதைத்தது யப்பானியர்கள்தான். வெளியில் விட்டால் என்னுடைய வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னவரும் இருந்தார். அவர் இறந்த பிறகு யப்பானிய மாணவர்களும் சட்டத்தரணிகளும் தெருவில் இறங்கினார்கள். நாடு கடத்தலை இன்னும் இலகுவாக்கும் சட்டமூலம் ஒன்றை அரசு 2021 மே மாதம் கைவிட வேண்டி வந்தது. 2023 யூனில் அதைக் கொஞ்சம் மாற்றி நிறைவேற்றிவிட்டார்கள். விஷ்மாவின் தங்கைமார் இரண்டு பேர் யப்பானுக்குப் போய் நீதி கேட்டார்கள், 2022இல் குடும்பம் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டது.

1848இல் மரச்சட்டத்துக்குப் பின்னால் இருந்தவரையும் 2021இல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நாடும் சட்டமும் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. மக்டொனால்டை ஏற்றிக்கொண்டு போக ஒரு போர்க்கப்பல் இருந்தது. லேன் தம்பதிக்குப் பரிமாற்றக் கப்பல் இருந்தது. விஷ்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷ் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கையில் இருந்த பாஸ்போர்ட்தான் வேற.

என்ர சிநேகிதிக்கு இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். போகாதே என்று சொல்ல இல்லை, அதைச் சொல்ல நான் ஆர்? அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹெருன்-சான் பாஷை நல்லா இருக்கு" எண்டாள். பிறகு விசாக் கடதாசியை எடுத்து, படிப்பு நின்றால் என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிற இடத்தை இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். ஏஜென்சிக்காரர் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ரிஷிரித் தீவிலும் நாகசாகியிலும் இன்றைக்கு மக்டொனால்டுக்கு நினைவுக்கல் இருக்கிறது. மட்சுவேயில் ஹேர்ன் இருந்த வீட்டை அப்படியே பாதுகாக்கிறார்கள். செத்துப்போன வெளியாளுக்குக் கல் வைக்கிறது லேசு. உயிரோட இருக்கேக்க, நீயும் இருந்திட்டுப் போ என்று சொல்லுறதுதான் அரசுகளுக்கு வருகுதில்லை. இதை யப்பானை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை.